ரிலீஸா, கரண்ட்டா: ஃப்ரீபிஎஸ்டியில் வேகம் எங்கே போகிறது?

ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸைப்போல இலவசமாகக் கிடைக்கும் ஓர் இயங்குதளம். முடித்து வெளியிடும் பதிப்புக்கு ரிலீஸ் என்றும், அடுத்ததற்கான நிரல் எழுதப்படும் வளர்ச்சிக் கிளைக்குக் கரண்ட் என்றும் பெயர். தமிழ்க் காதுக்கு மின்சாரம்போல் ஒலிக்கிறது. ஓடுவது என்னவோ மின்னழுத்தம் குறைந்த வீட்டு மின்விசிறியைப்போல. ரிலீஸில் சுறுசுறுப்பாக இருந்த அதே கணினியில் கரண்ட்டை ஏற்றியதும் நிரல் தொகுக்கும் வேலை இழுக்கிறது. புதிய நிரலை மோசமாக எழுதிவிட்டார்கள் என்று முடிவுகட்டத் தோன்றும். பெரும்பாலும் அது தவறான முடிவு. கணினி எழும்போதே ஒரு வரி திரையில் ஓடி மறைகிறது: விட்னஸ் இயங்குகிறது, வேகம் குறையும் என்று. அதைப் படிக்காமல் விட்டது நாம்தான்.

விட்னஸ் ஒரு காவலாளி. இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலில், ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொட்டுக் கெடுக்காதிருக்கப் பூட்டுகள் உண்டு. ஒரு வேலை முதல் பூட்டை எடுத்துவிட்டு இரண்டாவதைக் கேட்கிறது. இன்னொரு வேலை இரண்டாவதை எடுத்துவிட்டு முதலாவதைக் கேட்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நேர்ந்தால், ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு இயந்திரம் உறைந்துபோகும். பூட்டுகள் எந்த வரிசையில் எடுக்கப்படுகின்றன என்று விட்னஸ் குறித்துக்கொண்டே வருகிறது. வரிசை மாறினால், உறையும் நாள் வரும்வரை காத்திராமல் அப்போதே கத்துகிறது. கர்னல் நொடிக்கு எத்தனை முறை பூட்டைத் தொடுகிறது என்று யோசித்தால் இந்தக் கணக்குவழக்கின் விலை புரியும்.

அடுத்தவர் இன்வேரியன்ட்ஸ். கர்னல் விடுவித்த நினைவகத்தில் 'டெட்கோட்' என்று வாசிக்கும்படி அமைந்த ஒரு பதினறும எண்ணை நிரப்பிவைப்பார். செத்த இடத்தை யாராவது மறுபடி தொட்டால் அகப்பட்டுக்கொள்வார்கள். இந்த எண்ணைப் பிழைச்செய்தியில் பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

இந்த இரண்டையும் நீக்கிய கர்னலும் மூலநிரலோடு தயாராகவே வருகிறது: ஜெனரிக்-நோடிபக். அதை ஏற்றிவிட்டு, "இப்போது சமமாக ஒப்பிடலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. கர்னலுக்கு வெளியே, நிரல்களுக்கு நினைவகம் பங்கிடும் மால்லாக் நூலகமும் கரண்ட்டில் சோதனை முறையில்தான் கட்டப்படுகிறது. கொடுக்கும் நினைவகத்தையும் திரும்ப வாங்கும் நினைவகத்தையும் குப்பை எண்களால் நிரப்புகிறது. மால்லாக் அமைப்பில் இதை அணைக்கலாம், அல்லது மால்லாக்கைப் புரொடக்‌ஷன் முறையில் வைத்து முழுத்தளத்தையும் மறுபடி கட்டலாம். இதைச் செய்யாமல் போடும் வேக வரைபடங்களை நான் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

காவலாளிகளை அனுப்பிவிட்டால் மிஞ்சுவது புதிய நிரலுக்கும் பழைய நிரலுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. அங்கே கரண்ட் தோற்கவேண்டிய கட்டாயம் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் தன் வீடியோ சேவையகங்களில் ஓட்டுவது இந்தக் கிளையைத்தான். 2021இல் ஒரே சேவையகத்திலிருந்து நொடிக்கு 400 கிகாபிட் அனுப்பிக் காட்டினார்கள். ஆனால் அவர்களிடம் கர்னலை எழுதுபவர்களே சம்பளத்துக்கு இருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். கர்னலின் உள் இடைமுகம் மாறினால் கிராஃபிக்ஸ் இயக்கியை மறுபடி தொகுக்கவேண்டும். மறந்தால் கறுப்புத் திரை.

பெயரில் ஏமாற்றும் மூன்றாவது ஒன்றும் உண்டு: ஸ்டேபிள். அதுவும் வளர்ச்சிக் கிளைதான். 'நிலை' என்பது இடைமுகங்கள் உடையாது என்ற வாக்குறுதி. காவலாளிகள் அங்கே இல்லை, ஆகவே வேகத்தில் ரிலீஸுக்கு அருகில் நிற்கும்.

என் ஏற்பாடு இது: சேவையகத்தில் ரிலீஸ், மேசைக்கணினியில் கரண்ட். கரண்ட்டில் காவலாளிகளை நான் நீக்குவதில்லை. பிழை பிடிக்க வந்த கிளையில் பிழை பிடிப்பவர்களை விரட்டிவிட்டு ஓட்டினால், ஆபத்து மட்டும் கையில் நிற்கிறது. வேகம் அளக்கும் நாளில் மட்டும் தனிக் கட்டமைப்பு.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் கதை வேறு. அதன் வளர்ச்சிக் கிளையான சிட்டின் தொகுப்புகளில் இப்படிக் காவலாளிகள் கிடையாது. ஸ்டேபிளுக்கு (டெபியனில் இது முடித்து வெளியிடும் பதிப்பின் பெயர்) போகவிருப்பவையே முன்கூட்டி வருகின்றன. அதனால் சிட் மெதுவாக ஓடினால் வழக்கமான சாக்கு இல்லை, ஏன் என்று கேட்டே ஆகவேண்டும். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் கேட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் வழியில் 0.3 நொடியில் முடியவேண்டிய நுழைவு 0.8 நொடி எடுத்தது. தோண்டிப் பார்த்தபோது, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திருட்டு வாசல் வைத்திருந்தார்கள். டெபியன் ஸ்டேபிளுக்கு அந்தப் பதிப்புகள் வந்து சேரவே இல்லை. அந்த அரை நொடியைக் கண்டவர் சிட் ஓட்டிக்கொண்டிருந்தவர்.