கல்யாண இணையப் பக்கத்தில் தாலி கட்டும் நேரம் எங்கே?

பத்திரிகையோடு வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க்கும் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அப்படி லிங்க் தயாரித்துத் தரும் ஒரு சேவையின் ‘இந்தியத் திருமணம்’ டெம்ப்ளேட், தமிழ்க் கல்யாணத்துக்கு எவ்வளவு ஒத்துவருகிறது என்று பார்த்தோம். பார்க்க அழகுதான், மயில், யானை எல்லாம் உண்டு. சிக்கல் நிகழ்ச்சி நிரலில் ஆரம்பிக்கிறது.

முன்கூட்டியே நிரப்பியிருப்பவை வடநாட்டு வழக்கமான மெஹந்தி, சங்கீத், பராத் (மாப்பிள்ளை ஊர்வலம்), கடைசியில் ரிசப்ஷன். நம் மண்டபங்கள் பலவற்றில் ரிசப்ஷன் முதல் நாள் மாலை, முகூர்த்தம் மறுநாள் காலை. பெயர்களை மட்டும் மாற்றினால் போதாது, வரிசையையும் கையால் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் தாலி கட்டிய அன்று மாலை விருந்தாளி காலி மண்டபத்து வாசலில் நிற்பார்.

இதைவிடப் பெரிய குறை, நேரத்துக்கு ‘தொடக்கம்’ என்ற ஒரே கட்டம் இருப்பது. ‘காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்’ என்பது ஒன்றரை மணி நேர அவகாசம்; அதற்குள் எப்போது வேண்டுமானாலும் கெட்டிமேளம் கொட்டலாம். கட்டத்தில் 6.00 என்று மட்டும் போட்டால், ‘சடங்கெல்லாம் முடிய எட்டாகும்’ என்று கணக்குப் போட்டு வருகிறவர் பந்தியைத்தான் பார்ப்பார். தாலி உத்தேசமாக எப்போது என்று புரோகிதரிடம் கேட்டு, ‘6.30-க்குள் வந்து உட்கார்ந்துவிடவும்’ என்று விளக்கக் கட்டத்தில் எழுதிவிடுங்கள்.

பார்க்கிறவர் ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டும் வசதியும் இருக்கிறது. நேரலை பார்க்க உதவும்; பயணம் திட்டமிடக் குழப்பும். நம் காலை 6.00 சிங்கப்பூரில் 8.30. குளிர்காலத்து டொரண்டோவிலோ முந்தின நாள் இரவு 7.30. எந்த ஊர் நேரம் என்று போடாமல் தேதியையும் மாற்றிக் காட்டுவதால், அங்கிருந்து வருகிறவர் எந்தத் தேதிக்கு டிக்கெட் போடுவார் என்று சொல்ல முடியாது. வசதியை அணைத்துவிட்டு ‘இந்திய நேரம்’ என்று எழுதுவதே நல்லது.

வருகைப் பதிவில் ‘வருவேன் / வரமாட்டேன்’, கூட ஒருவர், சைவமா அசைவமா, அவ்வளவுதான். சமையல்காரர் கேட்பது இலைக் கணக்கு: முதல் நாள் இரவு எத்தனை, காலை டிபன் எத்தனை, மதியச் சாப்பாடு எத்தனை. மூன்றையும் தனித்தனிக் கேள்வியாகச் சேர்க்க இடமிருக்கிறது, சேருங்கள். ‘கூட ஒருவர்’ என்பதை எடுத்துவிட்டு, குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேளுங்கள். பெரியவர்கள் எப்படியும் நிரப்ப மாட்டார்கள், அவர்களுக்குப் போன்தான்.

உடை பற்றிய குறிப்பு சிரிப்பை வரவழைக்கிறது: ‘சிவப்பும் வெள்ளையும் தவிர்க்கவும்’. அரக்குப் பட்டில் வரும் அத்தைகளை யார் தடுப்பது? பட்டு வேட்டியில் வரும் பாதி ஆண்களை என்ன செய்வது? அழித்துவிடுங்கள். பரிசுப் பட்டியலும் அப்படியே. அதற்குப் பதில், மொய் எழுதும் மேசை உண்டா, அன்பளிப்பே வேண்டாமா என்று ஒரு வரி. 101, 501, 1001 என ஏன் ஒரு ரூபாய் சேர்கிறது என்பது வெளியூர் நண்பர்களுக்குத் தெரியாது, அதையும் சொல்லலாம்.

இந்த டெம்ப்ளேட்டில் உருப்படியானது கேள்வி-பதில் பகுதி. எத்தனை கேள்வி வேண்டுமானாலும் சேர்க்கலாம். அச்சுப் பத்திரிகையில் இதற்கு இடமே கிடையாது. நம் வழக்கம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: மணவறையில் ஏறும்முன் செருப்பைக் கழற்றவும். அட்சதையைக் கையிலேயே வைத்திருந்து, கெட்டிமேளம் கேட்டதும் போடவும். கடைசி வரிசையிலிருந்து வீசினால் அது வீடியோகிராபர் தலையில்தான் விழும். இலையின் நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும். சாப்பிட்டதும் இலையை உங்கள் பக்கமாக மடிக்கவும். எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டு வழக்கம்.

பக்கத்தை எப்போது அனுப்புவது என்பதற்கு டெம்ப்ளேட் ‘ஒரு மாதம் முன்பு’ என்கிறது. ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. முகூர்த்த நாளை ஒட்டிய வண்டிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். எனவே 70 நாளாவது முன்னதாக லிங்க் போய்ச் சேர வேண்டும். சாப்பாட்டுக் கேள்விகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், அதே லிங்க்கில் புதிதாகத் தெரியும்.