காற்றடைக்கும் கயாக்: ஆளரவமில்லாத ஆற்றுக்கு அருமை, காற்று வீசினால் அவஸ்தை

படித்துறை கிடையாது, வண்டி இறங்க வழி கிடையாது, முட்செடிக்கு நடுவே ஒற்றையடிப் பாதை மட்டும்தான் என்கிற மாதிரி ஆறுகளில் தூண்டில் போடுகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் வைத்திருப்பது இரண்டு பேர் உட்காரும் பிவிசி கயாக், அதாவது காற்றடித்துத் துடுப்பு போட்டு ஓட்டும் குறுகலான சின்னப் படகு. காற்றை இறக்கி மடித்தால் ஒரு பெரிய பைக்குள் அடங்கிவிடும், எடை 15 கிலோவுக்குள்தான், தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிடலாம். கெட்டி பிளாஸ்டிக் கயாக்கை அந்தப் பாதையில் தனியாளாகக் கொண்டுபோய்ப் பாருங்கள், தெரியும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது சத்தமே போடாதது. மீனின் உடம்பில் இரண்டு பக்கமும் நெடுக ஓடும் பக்கக்கோடு தண்ணீரின் சின்ன அதிர்வையும் உணர்ந்துவிடும். அலுமினியப் படகின் விளிம்பில் துடுப்பு ஒரு தடவை டங் என்று இடித்தால் போதும், கரையோர நிழலில் நின்ற மீன் போயே போச்சு. இதில் இடித்தாலும் பொத் என்று ஒரு சத்தம், அதோடு சரி. முதலில் எதிரோட்டத்தில் மேலே ஏறிப்போய், அப்புறம் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டத்தோடு மிதந்து வருவதுதான் என் வழக்கம். மீன் ஓட்டத்தைப் பார்த்துத்தான் நிற்கும், அதனால் இரையை மேலேயிருந்து பாறையோரமாக விட்டால் தண்ணீரே அதன் வாய்க்குக் கொண்டுபோய்விடும்.

குறைகளும் உண்டு. லேசாகக் காற்று வீசினாலே படகு தண்ணீர் போகிற பக்கம் போகாமல் காற்றடிக்கிற பக்கம் திரும்பும், ஒரு கையில் தூண்டிலை வைத்துக்கொண்டு அதைச் சமாளிப்பது பெரும்பாடு. நேராகப் போவதற்கு அடியில் மாட்டும், மீன் துடுப்பு மாதிரியான தகடு ஆழமில்லாத இடத்தில் கல்லில் தட்டும், கழற்றினால் படகு சுற்றிக்கொண்டே இருக்கும். கெளுத்தி மாட்டினால் அதன் துடுப்பு முள்ளைப் படகின் மேல் படவிடாதீர்கள்.

கரையில் கெட்டியாகக் காற்றடித்த படகு குளிர்ந்த தண்ணீரில் இறக்கியதும் தொளதொளவென்று ஆனால் ஓட்டை என்று பதற வேண்டாம், உள்ளே இருக்கும் காற்று சுருங்கியிருக்கும், பம்பால் இன்னும் கொஞ்சம் அடித்தால் போதும். வெயிலில் கரையேற்றி வைக்கும்போது இதற்கு நேர்மாறு, வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை விடாவிட்டால் ஒட்டுப்போட்ட விளிம்பு பிய்ந்துகொள்ளும்.

நங்கூரம் போடுவதானால் முனையிலோ வாலிலோதான் கட்ட வேண்டும், ஓடுகிற ஆற்றில் பக்கவாட்டில் கட்டினால் தண்ணீர் படகைக் கவிழ்த்துவிடும். விழுந்து கிடக்கும் மரங்களுக்கு மேலே, தண்ணீர் வருகிற பக்கத்தில் மிதந்துகொண்டு தூண்டில் போடாதீர்கள், கிளைக்குள் இழுத்துக்கொண்டால் வெளியே வருவது கஷ்டம். உயிர்காப்பு ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது. கூடவே கொடுக்கிற துடுப்பு படுமட்டம், நல்லதாக ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.