காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள்: வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு மதிப்புரை

காரைக்குடியின் வணிகம் ஊரின் நடுவிலிருந்து நூறடிச் சாலையையும் கல்லூரிச் சாலையையும் நோக்கி நகர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. துணிக்கடையோ கைப்பேசிக் கடையோ, புதிதாகத் திறப்பவர்கள் அகலமான சாலையும் வண்டி நிறுத்த இடமும் உள்ள பக்கத்தையே தேடுகின்றனர். 1928-இல் நகராட்சியாகி 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்த இவ்வூரின் புதிய வளர்ச்சியும் அந்தப் பக்கத்தில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. கொப்புடைய நாயகி அம்மன் கோயிலையும் கல்லுக்கட்டியையும் ஒட்டிய பழைய நகரப் பகுதிக்கு வெளியூர்க்காரர் ஒருவரை வரவழைக்கும் வலிமை இன்று எந்த வணிகத்துக்கு உண்டு என்று கேட்டால், முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளுக்கு என்றே சொல்வேன். எங்கள் குடும்பத்து வீட்டின் இரண்டாம் கட்டு, அதாவது உள்முற்றப் பகுதி, கதவுகளைச் சீர்செய்வதற்காக இந்தக் கடைகளில் பல பொருள்களை வாங்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

முதன்முறை செல்பவர்கள் இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்து விளக்குப் போட்டுக் காட்டுவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. கடைகள் பெரும்பாலும் குறுகியவை; உள்ளே போகப் போக ஆழமாக நீள்பவை. வாசலில் பித்தளை அண்டாக்களும் உருளிகளும் குத்துவிளக்குகளும் நிற்கும். உள்ளே எனாமல் பூசிய இரும்புப் பாத்திரங்களான மங்குச் சாமான்கள், கல்சட்டிகள், முறுக்கு உரல்கள், அஞ்சறைப் பெட்டிகள், பல்லாங்குழிகள், சுவர்க் கடிகாரங்கள், ரசம் மங்கிய பெல்ஜியம் கண்ணாடிகள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். கடைக்குப் பின்னாலோ வேறு தெருவிலோ உள்ள கிடங்கில்தான் பெரிய மரச்சாமான்கள் இருக்கும்: பர்மாத் தேக்குத் தூண்கள், கதவு நிலைகள், நிலைக்கு மேலே வைக்கும் செதுக்கு வேலைப்பாடுள்ள சூரியப் பலகைகள், பெட்டகங்கள், ஊஞ்சல் பலகைகள். கிடங்கைக் காட்டும்படி கேட்டால் எந்தக் கடைக்காரரும் மறுத்ததாக எனக்கு நினைவில்லை. கேட்காதவர்களுக்கு அது காட்டப்படுவதும் இல்லை. ஆகவே, பித்தளைச் செம்பு ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்புகிற சுற்றுலாப் பயணி இந்தத் தெருவின் பாதியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

இவ்வளவு பொருளும் எங்கிருந்து வந்தது என்பதை வாங்குகிறவர் தெரிந்துகொள்வது நல்லது. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டித் தொழில் செய்து ஈட்டிய செல்வம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இச்சுற்றுவட்டாரத்து ஊர்களில் வீடுகளாக எழுந்தது. மரம் பர்மாவிலிருந்தும் பளிங்கு இத்தாலியிலிருந்தும் மங்குச் சாமான் சுவீடன், ஜப்பான், செக்கோஸ்லோவாகியா போன்ற நாடுகளிலிருந்தும் வந்தன. திருமணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்ப் பொருள்களைப் பரப்பிக் காட்டும் (சாமான் பரப்பும்) வழக்கம் இருந்ததால் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வாழ்நாளில் புழங்கித் தீராத அளவுக்குப் பாத்திரங்கள் சேர்ந்தன. 1930-களின் பொருளாதார மந்தமும், 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், அதன்பின் அங்கே நிலங்கள் அரசுடைமை ஆனதும் அந்த வருவாயை அறுத்துவிட்டன. வீடுகள் மட்டும் நின்றன. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினர். அவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் வாழ்கின்றனர். ஓடு மாற்றவும் கறையான் பார்க்கவும் ஆகும் செலவை யார் ஏற்பது என்பதில் உடன்பாடு வருவதில்லை. கடைசியில் வீடு இடிபடுகிறது. அதன் தூணும் கதவும் பாத்திரமும் இந்தத் தெருவுக்கு வந்து சேர்கின்றன.

இந்தக் கடைகளில் நான் மிக உயர்வாக மதிப்பது, பெரும்பாலான வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்க்காத ஒரு பகுதியை. அது சில்லறை இரும்பு, பித்தளைச் சாமான்கள் குவிந்திருக்கும் மூலை. பழைய வீட்டுக் கதவுக்கு இன்றைய இரும்புக்கடையில் கிடைக்கும் கீல் பொருந்தாது; பலகையின் கனமும் நிலையின் அகலமும் வேறு. தாழ்ப்பாள், கொண்டி, கதவுக் குமிழ், சன்னல் கம்பி, உத்தரத்தில் ஊஞ்சல் மாட்டும் வளையம் என்று எது தேவைப்பட்டாலும் இங்கே சாக்குகளில் நிறைந்து கிடக்கின்றது. பழைய தாழ்ப்பாள் ஒன்றை மாதிரிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, "அண்ணே, இது முகப்புக் கதவுச் சாமான் இல்லை, உள்கட்டுக் கதவுக்குப் போடுவது, இதற்குச் சோடி வேறு சாக்கில் இருக்கும்" என்று சொல்லி, சற்று நேரத்தில் தேடி எடுத்தும் கொடுத்தார். அவர் எந்தப் பட்டறையிலும் இதைப் படித்தவர் அல்லர். வீடுகள் பிரிபடும் இடத்தில் நின்று நின்று பெற்ற அறிவு அது. பழைய வீட்டைப் பழுதுபார்க்க முனைபவருக்கு இந்த அறிவு, பொருளின் விலையைவிட மதிப்பு மிக்கது. புதுக்கோட்டையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஆசாரிகள் இந்த மூலையைத் தேடி வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

மரச்சாமான் வாங்கும்போது கூடுதல் கவனம் தேவை. பழைய பலகையை அறுத்து அண்மையில் செய்த பெட்டியும் இங்கே விற்பனைக்கு இருக்கும். அதில் தவறேதும் இல்லை, அப்படி என்று சொல்லி விற்கும்வரை. பார்ப்பதற்குச் சில வழிகள் உண்டு. பெட்டியின் அடிப்புறத்தையும் முதுகுப் பலகையையும் பார்க்க வேண்டும். அங்கே மெருகு பூசப்படாமல் இருக்கும். கை இழைப்புளியின் தடம் சற்று ஏற்ற இறக்கமாகத் தெரிந்தால் அது பழைய வேலை. எந்திர வாளின் சீரான கோடுகளும், புதிய நட்சத்திரத் தலைத் திருகாணிகளும் தெரிந்தால் வயதைக் குறைத்தே மதிப்பிட வேண்டும். தூணாக இருந்தால் அடியையும் தலையையும் பார்ப்பது அவசியம், ஏனெனில் கறையான் அங்கிருந்துதான் ஏறுகிறது. மெழுகும் மரத்தூளும் குழைத்து அடைத்த இடங்களை விரல் நகத்தால் அழுத்தினாலே தெரிந்துவிடும்.

சுவாமி படங்களில் ஏமாற்றம் அதிகம். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் செட்டிநாட்டு வீடுகளில் ஏராளமாக இருந்தன என்பது உண்மை. அந்தப் பெயரில் இன்று விற்கும் படங்கள் எல்லாம் அங்கே அச்சானவை என்பது உண்மையன்று. நகை வியாபாரி வைத்திருப்பதைப் போன்ற சிறு உருப்பெருக்கியைக் கொண்டு போவது நல்லது. கல்லச்சில் வந்த பழைய படத்தில் புள்ளிகள் கையால் இட்டவைபோல் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். புதிய ஆஃப்செட் அச்சில் அவை சின்னஞ்சிறு பூக்களைப் போல ஒரே ஒழுங்கில் அடுக்கியிருக்கும். சட்டம் பழையது என்பதால் படமும் பழையது என்று நம்ப வேண்டியதில்லை. மங்குச் சாமான்களில் இத்தொல்லை குறைவு. தட்டின் அடியில் நாட்டின் பெயரோ தயாரித்தவரின் முத்திரையோ பெரும்பாலும் இருக்கும். விளிம்பில் சிதைந்த இடத்தில் உள்ளிருக்கும் இரும்பு தெரியும். சமைக்கவோ சாப்பிடவோ அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. அலங்காரத்துக்கு மிக அழகானவை.

விலையைப் பொறுத்தவரை எழுதி ஒட்டும் வழக்கம் பெரும்பாலான கடைகளில் இல்லை. இது எனக்கு உவப்பானதன்று. தமிழில் பேசுகிறவருக்கு ஒரு விலையும், காரில் வந்து இறங்கும் வெளிநாட்டவருக்கு ஒரு விலையும் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். பேரம் பேசுவது இந்த வணிகத்தின் இயல்பு என்று சமாதானம் சொல்லலாம்; ஆயினும், ஊரைத் தேடி வருகிறவர் தாம் அதிகம் கொடுத்துவிட்டோமோ என்ற ஐயத்தோடு திரும்புவது தெருவுக்கு நல்லதன்று. சிறு பொருள்களுக்கு மட்டுமாவது விலைச்சீட்டு ஒட்டினால் பாதிக் குறை தீரும். ரசீது விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒரு கடையில் பெரிய நிலைக்கண்ணாடி ஒன்றைப் பேசி முடித்தபின், வெற்றுத் தாளில் தொகையை மட்டும் எழுதித் தந்தனர். பொருளின் விவரம் எழுதித் தர மறுத்ததால் நான் அதை வாங்காமல் வந்துவிட்டேன்.

இதை வெறும் முறைமைக்காகச் சொல்லவில்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் ஆகியவை தொல்பொருள்கள். அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புடைய கையெழுத்துப் படிகளுக்கு அந்த எல்லை 75 ஆண்டுகள். தனியார் எவரும் இவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்ல முடியாது. 1912-இல் கட்டிமுடித்த வீட்டின் செதுக்கு வேலைப்பாடுள்ள கதவுக்கு இன்று நூறு வயது கடந்துவிட்டது என்பதை வெளிநாட்டில் வாழும் நம் உறவினர்கள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆச்சி வீட்டு நினைவாக ஒன்றை விமானத்தில் எடுத்துச் செல்ல விரும்புவோர், அது தொல்பொருள் அன்று என்பதற்கான சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே பெறுவது பாதுகாப்பு. உலோகத்தாலோ கல்லாலோ ஆன பழைய தெய்வத் திருமேனி எதையும், அது எந்த இடத்திலிருந்து வந்தது என்ற எழுத்துச் சான்று இல்லாமல், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

இந்தத் தெருவைப் பற்றி எனக்குள்ள பெரிய கவலை வேறு. காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் மக்கள் வருவது வீடுகளைப் பார்க்க. தமிழ் வணிகர்களின் ஊர்த்தொகுதிகள் என்ற பெயரில் செட்டிநாடு 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதும் அந்த வீடுகளுக்காகவே. வீடுகள் நின்றால் விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் வாடகைக் காருக்கும் கண்டாங்கிச் சேலைக் கடைக்கும் வருவாய் உண்டு. அந்த வீடுகளில் ஒன்று பிரிபடும்போதெல்லாம் இத்தெருவின் கிடங்கில் சரக்கு ஏறுகிறது; சென்னையிலோ கொச்சியிலோ ஒரு விடுதியின் வரவேற்பறைக்கு அத்தூண்கள் லாரியில் போகின்றன. வீட்டைப் பிரிப்பது கடைக்காரரின் முடிவன்று, பங்காளிகளின் முடிவு. அவர் வாங்காவிட்டால் அந்தத் தேக்கு அறுப்பு மில்லுக்குப் போகும் என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும், சரக்கு வந்துகொண்டே இருக்காது. முழுத் தூண் வரிசையாகக் கிடைப்பது முன்பைவிட அரிதாகிவிட்டது என்று கடைக்காரர்களே சொல்கின்றனர்.

ஆகவே, இங்கே வாங்குபவர்களில் நான் முதலிடம் கொடுப்பது இதே வட்டாரத்தில் வீட்டைச் சீர்செய்பவர்களுக்கு. கடைகளும் அவர்களை முதன்மை வாடிக்கையாளராக எண்ணிப் பழகினால் தெருவின் ஆயுள் நீளும். பொருள் எந்த ஊர், எந்தக் கட்டிலிருந்து வந்தது என்பதை எழுதி வைக்கும் வழக்கம் வேண்டும். கொத்தனார், ஆசாரி, சுண்ணாம்புச் சாந்து தேய்க்கத் தெரிந்தவர் ஆகியோரின் தொடர்பைக் கடைகளே கொடுக்கலாம். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துச் சுவரை மெருகேற்றத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. தரை ஓட்டுக்கு மட்டும் இத்தெருவை நம்ப வேண்டாம். சுண்ணாம்பில் பதித்த பழைய ஓடு பெயர்க்கும்போதே உடைந்துவிடும். பழைய ஓட்டின் துண்டு ஒன்றை ஆத்தங்குடிக்கு எடுத்துச் சென்றால், கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, சூளை இல்லாமல் தண்ணீரிலும் வெயிலிலும் பதப்படுத்தி, அதே கோலத்தில் புதிதாகச் செய்து தருவார்கள்.

தெருவின் வசதிகளைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல அதிகம் இல்லை. காரை உள்ளே கொண்டு போகாமல் வெளியே நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது. பெண்களும் முதியோரும் பயன்படுத்தத் தக்க கழிப்பறை அருகில் என் கண்ணில் பட்டதில்லை. பழம்பொருள் கடைகள் இப்பக்கம் என்று காட்டும் பலகை ஒன்றை முதன்மைச் சாலையில் வைத்தால், ஆட்டோக்காரரிடம் கேட்டுக் கேட்டு வரவேண்டிய நிலை மாறும். மாநகராட்சி ஆகிவிட்ட ஊருக்கு இவை பெரிய செலவுகள் அல்ல. தெருவுக்கு வந்தவர்கள் அப்படியே பழைய நகரப் பகுதியிலும் நடந்து, ஓலைக் கூடையான கொட்டானையும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கியையும் வாங்கிச் செல்லலாம். சாப்பாட்டைப் பற்றி இவ்வூரில் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முற்பகலில் செல்லுங்கள், மதியத்தில் சில கடைகள் பூட்டியிருக்கும், கிடங்கின் உட்புறத்தில் மாலை வெளிச்சம் போதாது. வீட்டுக் கதவின் அளவு, பலகையின் கனம், நிலையின் உயரம் ஆகியவற்றை எழுதிக் கொண்டு போங்கள். முடிந்தால் பழைய துண்டையே கொண்டு போங்கள். பொருளைப் பொதிந்து கட்டி அனுப்புவதில் இந்தக் கடைக்காரர்கள் கைதேர்ந்தவர்கள். எனக்கு வந்த கதவுகள் சாக்கும் வைக்கோலும் வைத்துச் சுற்றப்பட்டு ஒரு கீறலும் இன்றி வந்தன. கண்ணாடியை மட்டும் சரக்கு வண்டியில் விடாமல், சற்றுக் கூடுதல் செலவானாலும் தனி வண்டியில் ஏற்றி, கூடவே ஓர் ஆளையும் அனுப்பச் சொல்லுங்கள்.