இ.எஸ்.ஐ. வேலையின்மைப் பணம்: புரோக்கரிடம் ஓடிபி சொல்லும் முன் படித்துவிடுங்கள்

கம்பெனி கேட்டில் பூட்டுத் தொங்கிய அதே வாரத்தில் தொழிலாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஒரு செய்தி வந்துவிடும். "வேலை போனவர்களுக்கு அரசு மூன்று மாதம் பாதிச் சம்பளம் தருகிறது. நாங்கள் வாங்கித் தருகிறோம். ஆதார், பாஸ்புக் போதும். முன்பணம் மட்டும் அனுப்புங்கள்." முதல் வாக்கியம் ஏறக்குறைய உண்மை. அதனால்தான் மீதியையும் நம்பி ஏமாறுகிறார்கள்.

திட்டத்தின் பெயர் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. சம்பளத்தில் சந்தா பிடித்துத் தொழிலாளர்களுக்குக் காப்பீடு தரும் இ.எஸ்.ஐ. கழகம் 2018 ஜூலை 1 முதல் நடத்துகிறது. ஆரம்பத்தில் சராசரி தினச் சம்பளத்தில் 25 சதவீதம்தான் தந்தார்கள், அதுவும் வேலை போய் 90 நாள் கழித்து. கொரோனா காலத்தில், 2020இல், அது 50 சதவீதமானது; காத்திருப்பும் 30 நாளாகக் குறைந்தது. பழைய கம்பெனி வழியாகத்தான் மனு போக வேண்டும் என்ற விதியையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். இப்போது தொழிலாளியே நேரடியாகக் கேட்கலாம். அதிகபட்சம் 90 நாளுக்கான பணம், வாழ்நாளில் ஒரே ஒரு முறை. விண்ணப்பக் கட்டணம் கிடையாது. திட்டம் நிரந்தரமானதல்ல, அவ்வப்போது நீட்டிக்கப்படுவது. ஆகவே மனுப் போடும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்கு இல்லை என்பதை முதலில் சொல்லிவிடலாம், ஏனென்றால் முன்பணம் கொடுத்து ஏமாறுபவர்களில் பலர் இந்த வகை. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டி (மாற்றுத்திறனாளி என்றால் 25,000) இ.எஸ்.ஐ. பிடித்தமே நின்றுபோனவர்களுக்கு இந்தப் பணம் இல்லை. ஐ.டி. கம்பெனியில் அறுபதாயிரம் வாங்கிக்கொண்டிருந்து வேலை போனவரிடமும் 'ஃபைல் ஓப்பனிங் சார்ஜ்' வாங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பணம் திரும்பாது. தானாக வேலையை விட்டவர், விருப்ப ஓய்வில் போனவர், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், ஓய்வு வயதை எட்டியவர் ஆகியோருக்கும் கிடையாது.

இதில் 'தானாக விட்டவர்' என்பதுதான் பெரிய பொறி.

ஆளைக் குறைக்கும் கம்பெனி 'உன்னை அனுப்புகிறோம்' என்று எழுதிக் கொடுப்பது அபூர்வம். எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று டைப் செய்த தாளை நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டால்தான் செட்டில்மென்ட், போடாவிட்டால் அனுபவச் சான்று வராது என்பார்கள். ஒரு மாதச் சம்பளத்துக்காகப் போடும் அந்தக் கையெழுத்து, மூன்று மாதப் பணத்தை அங்கேயே சாகடித்துவிடும். மறுக்க முடிந்தால் மறுத்துவிடுங்கள். முடியாத நிலை என்றால், 'ஆட்குறைப்பு காரணமாக நிர்வாகம் கேட்டுக்கொண்டதால்' என்ற வரியைக் கையெழுத்துக்கு மேலே கையால் எழுதி, போனில் படம் எடுத்து வையுங்கள். அதற்கும் விடவில்லையா? வெளியே வந்த ஓரிரு நாளில், நடந்ததைத் தேதியோடு எழுதிக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு நகலைத் தொழிலாளர் அலுவலகத்திலும் கொடுத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து 'மிரட்டி வாங்கினார்கள்' என்று சொல்வதற்கும், மறுநாளே எழுதியதற்கும் அதிகாரியின் கண்ணில் நிறைய வித்தியாசம் உண்டு.

தாளைவிட ஆபத்தான ஒன்று கணினியில் இருக்கிறது. பல தொழிலாளர்களுக்கு அது தெரியவே தெரியாது. கம்பெனி ஒவ்வொரு மாதமும் இ.எஸ்.ஐ. சந்தா கட்டும்போது, ஒவ்வொருவரின் ஐ.பி. நம்பருக்கும் (காப்பீட்டாளர் எண்) எதிரே எத்தனை நாள் வேலை, எவ்வளவு சம்பளம் என்று ஏற்றும். வேலை நாள் பூஜ்யம் என்றால் அதற்கு ஒரு காரண எண் போட வேண்டும். 2 என்றால் வேலையை விட்டுவிட்டார். 10 என்றால் ஆட்குறைப்பு. 1 என்றால் விடுப்பு. 4 என்றால் சம்பள வரம்பைத் தாண்டியவர். கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் யார் போனாலும் பழக்கத்தில் 2 என்று தட்டிவிடுவார். கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அவருக்கு அது ஒரு எண், அவ்வளவுதான். சிலர் கடைசி வேலை நாளை ஏற்றாமல், மாதா மாதம் 1 போட்டு இழுத்துக்கொண்டே போவார்கள். அப்போது கணினியைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் வேலையில்தான் இருக்கிறீர்கள். வேலையே போகாத ஆளுக்கு வேலையின்மைப் பணம் எப்படி வரும்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளிலும் கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு முடிச்சு. ஆலையின் பெயர் ஒன்று, சந்தா கட்டும் கான்ட்ராக்டரின் இ.எஸ்.ஐ. பதிவு எண் வேறு. காரண எண்ணைத் திருத்த வேண்டியவர் கான்ட்ராக்டர். ஆலை வாசலில் நின்று சண்டை போட்டால் நடக்காது.

ஆகவே வெளியே வந்ததும் முதல் வேலையாக இ.எஸ்.ஐ. இணையதளத்தில் காப்பீட்டாளர் பகுதிக்குள் போய் சந்தா விவரத்தைப் பாருங்கள். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று கவனியுங்கள். மத்திய அரசின் உமங் செயலியிலும் இ.எஸ்.ஐ. சேவைகள் இருக்கின்றன. பிடித்தம் நடந்த மாதம் எல்லாம் ஏறியிருக்கிறதா, வேலை நாள் சரியா என்று பே ஸ்லிப்பை வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். தகுதிக் கணக்கு அதில்தான் நிற்கிறது: குறைந்தது இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், வேலை போவதற்கு முந்தைய சந்தா காலத்தில் குறைந்தது 78 நாள், அதற்கும் முந்தைய மூன்று சந்தா காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாள் சந்தா இருக்க வேண்டும். சந்தா காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. செப்டம்பர் 10இல் வேலை போனால் பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய அக்டோபர்–மார்ச் காலத்தை. ஆர்டர் இல்லாமல் மாதக்கணக்கில் வேலை நின்ற பருவம் அதில் விழுந்திருந்தால் 78 நாள் தேறாமல் போகலாம்.

இரண்டு ஐ.பி. நம்பர் விவகாரமும் உண்டு. புதுக் கம்பெனியில் சேரும்போது 'பழைய நம்பர் இருக்கிறதா' என்ற கேள்விக்கு எச்.ஆர். இல்லை என்று போட்டுப் புது நம்பர் எடுத்துவிடுவார். ஆறு வருடம் வேலை பார்த்தவரின் கணக்கு நாலரை வருடமும் ஒன்றரை வருடமுமாக உடைந்து, கடைசி நம்பரில் இரண்டு வருடம் நிரம்பாது. பழைய நம்பரோடு சேர்க்கச் சொல்லிக் கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பதை, மனுப் போடும் முன்பே செய்துவிட வேண்டும்.

எவ்வளவு வரும்? புரோக்கர் சொல்லும் தொகையை நம்பாமல் நீங்களே போட்டுப் பாருங்கள். கடைசி நான்கு சந்தா காலங்களில், அதாவது இரண்டு வருடத்தில், பதிவான மொத்தச் சம்பளத்தை 730 ஆல் வகுக்க வேண்டும். அதில் பாதி, ஒரு நாளுக்கான தொகை. மாதம் 15,000 வீதம் 24 மாதமும் சந்தா ஏறியிருந்தால் மொத்தம் 3,60,000. வகுத்தால் 493 ரூபாய் சொச்சம், பாதி 246.58, 90 நாளுக்கு 22,192 ரூபாய். வகுக்கும் எண் எப்போதும் 730தான், நீங்கள் வேலை பார்த்த நாட்கள் அல்ல. ஆகவே கம்பெனி ஒன்பது மாதச் சந்தாவை ஏப்பம் விட்டிருந்தால் 15 மாதச் சம்பளமான 2,25,000தான் கணக்கில் வரும்; கையில் கிடைப்பது 13,870. சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது குற்றம். பே ஸ்லிப் நகல்களோடு கிளை அலுவலகத்தில் புகார் எழுதி, முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். பே ஸ்லிப் தராத கம்பெனி என்றால் வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கங்கள்.

இனி புரோக்கர்களின் வேலைக்கு வருவோம். சில்லறைத் திருட்டு முத்திரைத்தாளில் தொடங்கும். பிரமாணப் பத்திரம், நோட்டரி என்று ஐந்நூறு, ஆயிரம் கறப்பார்கள். பிரமாணப் பத்திர நிபந்தனையை 2020 நவம்பரிலேயே கழகம் நீக்கிவிட்டது. ஆதார், வங்கி விவரத்தை இணையத்தில் ஏற்றி மனுப் போட்டால் போதும். ஏற்ற முடியாதவர் மனுவை அச்செடுத்துக் கையெழுத்திட்டு, அந்த நகல்களோடு கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம்.

அடுத்தது ஓடிபி. 'சும்மா வெரிஃபிகேஷன்' என்று வாங்கிய ஓடிபியில் உங்கள் பதிவில் உள்ள மொபைல் எண்ணை மாற்றுகிறார்கள், பிறகு வங்கிக் கணக்கை. அதன்பின் மனு எந்த நிலையில் இருக்கிறது என்ற குறுஞ்செய்திகூட உங்களுக்கு வராது.

இதைவிட நுட்பமானது பி.எஃப். கண்கட்டு. வேலை போனவர் தன் பி.எஃப். இருப்பில் 75 சதவீதத்தை எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. அது உங்கள் சொந்தச் சேமிப்பு. புரோக்கர் உங்கள் யுஏஎன் (பி.எஃப். உறுப்பினர் எண்) கணக்கில் புகுந்து அந்த மனுவைப் போடுவார். பணம் ஏறியதும், 'பாருங்கள், அரசின் வேலையின்மைப் பணம் வந்துவிட்டது' என்று நாலில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வார். இ.எஸ்.ஐ. மனு போடப்பட்டிருக்கவே இருக்காது. உழைத்துச் சேர்த்த காசில் கமிஷனும் போய், உண்மையான உதவித்தொகைக்கான காலமும் ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து வருடச் சேவை நிரம்பாமல் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால் 10 சதவீதம் வரி பிடிக்கப்படலாம் என்பதையும் அவர் சொல்லமாட்டார். பணம் வந்த அன்றே பாஸ்புக்கில் அனுப்பியது யார் என்று பாருங்கள். வருங்கால வைப்பு நிதி நிறுவனமா, இ.எஸ்.ஐ. கழகமா என்று அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

போலி ஆட்குறைப்புக் கடிதம் தயாரித்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். கிளை அலுவலகம் கம்பெனியின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கம்பெனி 2 என்று ஏற்றியிருக்க, உங்கள் கையில் வேறு கடிதம் இருந்தால் மனு தள்ளுபடி. பொய் ஆவணத்துக்கான வழக்கு கையெழுத்திட்டவர் மேல், அதாவது உங்கள் மேல் வரும். புதிய வேலையில் சேர்ந்த பிறகும் வேலையில்லை என்று காட்டிப் பணம் கேட்பதும் இதே வகை. புதுக் கம்பெனியின் சந்தா அதே ஐ.பி. நம்பரில் பளிச்சென்று தெரியும்.

தாமதமானவர்களுக்கு: வேலை போய் 30 நாள் கழித்துக் கோரலாம், ஒரு வருடத்துக்குள் கோரிவிட வேண்டும். நான்கு மாதம், ஆறு மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். 'காலம் முடிந்துவிட்டது, உள்ளே ஆள் பிடித்து முடித்துத் தருகிறேன்' என்று சொல்லிப் பணம் பறிப்பது ஐந்தாவது மாதத்தில் வருபவர்களிடம்தான். அவர்களுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. பழைய விதியைக் காட்டி '90 நாள் பொறு' என்று தள்ளுவதும் நடக்கிறது. ஒரு வருடம் எண்ணப்படுவது கணினியில் உள்ள கடைசி வேலை நாளிலிருந்து. அது தவறாக முன்தேதியில் ஏறியிருந்தால் உங்களுக்கே தெரியாமல் நாள் கரையும். கம்பெனி திருத்த மறுத்தால் திருத்தத்துக்காகக் காத்திருக்காமல் மனுவைப் போட்டு, முரண்பாட்டை விளக்கி ஒரு கடிதம் இணையுங்கள். காலக்கெடுவுக்குள் மனு உள்ளே போயிருப்பது முக்கியம்.

ஆலை முழுவதுமாக மூடப்பட்டாலோ முறைப்படி ஆட்குறைப்பு நடந்தாலோ, 90 நாள் மனுவில் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று 2005 ஏப்ரல் 1 முதல் இன்னொரு திட்டம் இருக்கிறது. அதில் முதல் 12 மாதம் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம், அந்தக் காலம் முழுக்கக் குடும்பத்துக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமும் உண்டு. வேலையால் ஏற்படாத காயத்தால் நிரந்தர ஊனமாகி வேலை இழந்தவர்களுக்கும் இது பொருந்தும். சான்றுகள் அதிகம் கேட்பார்கள் என்பதால் புரோக்கர்கள் இதைத் தொடுவதில்லை, சுலபமான சிறிய தொகையில் ஆளைத் தள்ளிவிடுகிறார்கள். எந்தத் திட்டத்தில் மனு என்பதைக் கிளை மேலாளரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள்.

தமிழக அரசின் வேலைவாய்ப்பு அலுவலகம் தரும் உதவித்தொகை வேறு. பதிவு செய்து ஐந்து வருடம் வேலை கிடைக்காதவர்களுக்கு மாதம் சில நூறு ரூபாய் தருவது அது. இரண்டையும் குழப்பிச் சொல்பவரிடம் எதையும் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் இன்றே செய்ய வேண்டியது: பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டிலும் கடவுச்சொல்லை மாற்றி, பதிவில் உள்ள மொபைல் எண்ணும் வங்கிக் கணக்கும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். மாறியிருந்தால் அசல் ஆதார், பாஸ்புக்கோடு கிளை அலுவலகத்துக்கு நேரில் போய் எழுத்தில் கொடுங்கள். பணம் வேறு கணக்குக்குப் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். இ.எஸ்.ஐ. கழகத்தின் கட்டணமில்லா எண் 1800-11-2526. கிளையில் மனுவை வாங்க மறுத்தால், மறுத்தவரின் பதவியையும் தேதியையும் குறித்துக்கொண்டு மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதியுங்கள். அங்கே பதிவு எண் ஒன்று கிடைக்கும். காலக்கெடு முடியும் முன் நீங்கள் கதவைத் தட்டியதற்கு அதுவே சாட்சி.