ஜாஸ் பெட்டித் தொகுப்புகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

மெட்டை எடுத்து அந்தந்த நேரத்துக் கற்பனையில் விரித்து வாசிக்கும் அமெரிக்க இசைதான் ஜாஸ். அதன் பழைய பதிவுகளைப் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். நான்கு இறுவட்டு (சீடி), எட்டு இறுவட்டு, கூடவே ஒரு கொழுத்த புத்தகம். என் இரும்பு அலுமாரியில் இப்போது ஓர் அடுக்கு முழுக்க அவைதான். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே இடத்தில் ஒரே குழு வாசித்ததை முழுதாகத் தரும் பெட்டி என்றால் வாங்குங்கள். ஒருவர் வாழ்நாளில் ஊதியது, இருமியது எல்லாவற்றையும் வாரிப் போட்ட பெட்டி என்றால் இரண்டு தரம் யோசியுங்கள். ஆண்டு நிறைவுச் சிறப்புப் பதிப்பு என்று பளபளப்பாக வந்தால் யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

நான் கிளிநொச்சியில் றேடியோ, ரீவி திருத்தும் கடை வைத்திருப்பவன். ஜாஸ் என் காதில் விழுந்தது பொருளாதாரத் தடைக் காலத்தில். பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் றேடியோ பேசும். செய்திக்காகத்தான் சுற்றுவோம். செய்தி முடிந்த பிறகும் சலிக்காமல் சுற்றுகிற தம்பி ஒருவன் எனக்கு இருந்தான். அவன் தயவில் சிற்றலையில் வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா வானொலியின் ஜாஸ் நிகழ்ச்சியைப் பிடித்தேன். வில்லிஸ் கொனோவர் 1955 முதல் நடத்திவந்த நிகழ்ச்சி அது. அரைகுறை ஆங்கிலக்காரனுக்கும் விளங்கும்படி சொல் சொல்லாக நிறுத்திப் பேசுவார். தொடக்க இசை டியூக் எலிங்டன் குழுவினுடையது. பிறகு கசற்றுகளில் கொஞ்சம் சேர்த்தேன், எல்லாம் இடப்பெயர்வோடு போயிற்று. அந்தக் கதை வன்னியில் எல்லா வீட்டிலும் உண்டு, இங்கே நீட்ட வேண்டாம்.

இப்போது அதே இசை எல்லாம் போனில் கிடக்கிறது. 2021இல் ஸ்பொட்டிஃபையும் இலங்கைக்கு வந்துவிட்டது. அப்படியிருக்க டொலர் 300 ரூபாயைச் சுற்றி நிற்கிற நேரத்தில் 30 டொலர் பெட்டி ஒன்றுக்கு 9,000 ரூபாய் கொடுப்பதா? என் மனைவி இதைச் சுருக்கமாகக் கேட்டாள்: "உந்தக் காசுக்கு ஒரு மூட்டை யூரியா எடுத்திருக்கலாமே?"

நியாயமான கேள்விதான். போன், பாட்டின் பெயரைக் காட்டும், குழுத் தலைவரின் பெயரைக் காட்டும். பேஸ் என்ற பெரிய நரம்பு வாத்தியத்தை வாசித்தது யார், எந்தத் திகதி, எந்த ஊர், அன்று எத்தனையாவது தரம் வாசித்தது என்பதைக் காட்டாது. ஜாஸில் பாதி விசயம் அங்கேதான் இருக்கிறது. அதே மெட்டை அதே ஆள் வேறு நால்வரோடு வாசித்தால் அது வேறு இசை. பெட்டியோடு வரும் புத்தகம் அதைச் சொல்கிறது. புத்தகம் சரியில்லாத பெட்டிக்கு நான் போனையே வைத்துக்கொள்வேன்.

முதலில், கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லும் பெட்டி: பியானோக்காரர் பில் எவன்ஸின் மூவர் குழு நியூயோர்க்கின் வில்லேஜ் வன்கார்ட் என்ற நிலவறை மண்டபத்தில் 1961 ஜூன் 25ஆம் திகதி வாசித்ததன் முழுத் தொகுப்பு. மூன்றே இறுவட்டு, 2005இல் வந்தது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் இரண்டு சுற்று, இரவு மூன்று சுற்று வாசித்திருக்கிறார்கள். அதிலிருந்து பொறுக்கி எடுத்து முன்பு இரண்டு இசைத்தட்டுகள் போட்டார்கள், இரண்டும் பெயர் பெற்றவை. பெட்டியில் அந்த நாள் வாசித்த வரிசையிலேயே வருகிறது.

தொடக்கமே எனக்குப் பிடித்துவிட்டது. முதல் உருப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தடைப்பட்டுப் பதிவு நடுவில் அறுகிறது. பழைய இசைத்தட்டுகளில் இந்தத் துண்டு இல்லை, பெட்டியில் அறுந்தபடியே வைத்திருக்கிறார்கள். கடையில் என்னோடு வேலை செய்யும் பெடியன் திடுக்கிட்டு அம்பிளிஃபயரைத் தட்டிப் பார்த்தான். விசயத்தைச் சொன்னதும் கேட்டான்: "அண்ணை, அமெரிக்காவிலயும் கரண்ட் போறதோ?"

அந்த அறையில் ஆட்கள் நிறைய இல்லை என்பது காதிலேயே தெரிகிறது. கண்ணாடிக் குவளைகள் முட்டுகின்றன, யாரோ சிரிக்கிறார்கள், கைதட்டல் ஒப்புக்கு விழுகிறது. மேடையிலோ பியானோவும் பேஸும் ஒன்றையொன்று மறித்து மறித்துப் பேசுகின்றன. பேஸ்காரர் ஸ்கொட் லஃபாரோவுக்கு வயது 25. பின்னால் நின்று தாளத்துக்கு முட்டுக்கொடுக்கும் வேலையை அவர் ஏற்கவில்லை. பியானோ ஒரு வரியைத் தொடங்கினால் முடிக்கும் முன்பே அவருடைய பதில் வந்துவிடுகிறது. பதினொரு நாள் கழித்து, ஜூலை 6ஆம் திகதி, கார் விபத்தில் இறந்துபோனார். இந்தக் குழுவின் பதிவுகளில் இதுவே கடைசி.

ஒரே உருப்படி இரண்டு தரம் வருகிறதே என்று சிலர் குறை சொல்வார்கள். ஓர் உருப்படி மூன்று தரம்கூட வருகிறது. கோயில் திருவிழாவில் மேளச்சமாவுக்கு, அதாவது நாதஸ்வர தவில் கச்சேரிக்கு, இருந்து பழகியவர்களுக்கு இது குறையாகவே படாது. அதே தவில் வித்துவான் நேற்று வாசித்த கோர்வையை இன்று எங்கே கொண்டுபோய் முடிக்கிறார் என்று பார்க்கத்தானே இரவிரவாக இருக்கிறோம். பின்னேரம் தயங்கித் தயங்கி வாசித்த மெட்டை இரவு எப்படி அவிழ்க்கிறார்கள் என்று கேட்க முழுப் பெட்டி வேண்டும். பொறுக்கிய இசைத்தட்டில் அது கிடைக்காது.

அடுத்தது ட்றம்பெற்காரர் லூயி ஆம்ஸ்ட்றோங்கின் ஹொட் ஃபைவ், ஹொட் செவன் என்ற குழுக்களின் பதிவுகள். 1925 நவம்பரில் சிக்காகோவில் தொடங்கியவை. வாரிப் போட்ட பெட்டி என்றால் இரண்டு தரம் யோசியுங்கள் என்று மேலே சொன்னேன், இது விலக்கு. அவை எல்லாம் மூன்று நிமிடம் ஓடும் நிமிடத்துக்கு 78 தரம் சுற்றும் பழைய தட்டுகள். இன்று அவற்றைக் கேட்கத் தொகுப்பாகத்தான் வாங்க வேண்டும். நான்கு இறுவட்டில் முடிந்துவிடுகிறது.

இதில் என் தொழில் சம்பந்தமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொடக்கப் பதிவுகளில் மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்புக் குழாயின் முன்னால் நின்று ஊதுவார்கள், சத்தத்தின் அழுத்தமே ஊசியை ஆட்டி மெழுகில் கீறும். குழுவில் ட்ரம்ஸ்காரரும் இல்லை, தாளம் பான்ஜோவிலும் பியானோவிலும் நிற்கிறது. பியானோ, ஆம்ஸ்ட்றோங்கின் மனைவி லில் ஹார்டின். இப்படிப்பட்ட தட்டிலிருந்து ஒலி எடுக்கும்போது இரைச்சலைக் குறைக்கிறேன் என்று மேல் அலைகளை வெட்டினால் கூடவே கோர்னெற் என்ற சின்ன ட்றம்பெற்றின் கூர்மையும் போய்விடும். சுத்தமாகக் கேட்கும், உயிர் இருக்காது. ஜேஎஸ்பி என்ற பிரித்தானிய நிறுவனத்துக்காக ஜோன் ஆர். ரி. டேவிஸ் என்ற ஒலிக் கைவினைஞர் செய்த பெட்டியைத்தான் நான் சொல்வேன். கொஞ்சம் இரைகிறது, இரையட்டும். ஆம்ஸ்ட்றோங் 1928 ஜூன் 28ஆம் திகதி பதிந்த ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ஸைப் போடுங்கள். முதல் பன்னிரண்டு, பதின்மூன்று விநாடி துணை இல்லாமல் ட்றம்பெற் மட்டும். அது தாளில் கீறுவதுபோல் காதில் கேட்டால் உங்களிடம் இருப்பது நல்ல பிரதி.

மற்றவற்றை ஓட்டமாகப் பார்ப்போம். சக்சஃபோன்காரர் சார்லி பார்க்கர் 1940களில் சவோய், டயல் நிறுவனங்களுக்கு வாசித்ததன் முழுத் தொகுப்பு எட்டு இறுவட்டு. தொடங்கி நின்றுபோனது, பிழைத்தது, மறுபடி எடுத்தது எல்லாம் உண்டு. சக்சஃபோன் படிப்பவருக்கு இது பாடநூல். எனக்கு அவர் நல்லபடி வாசித்த பதிவுகள் மட்டும் உள்ள ஓர் ஒற்றை இறுவட்டுப் போதும். ட்றம்பெற்காரர் மைல்ஸ் டேவிஸின் குழு 1965 டிசம்பர் 22, 23ஆம் திகதிகளில் சிக்காகோவின் பிளக்ட் நிக்கல் மண்டபத்தில் வாசித்தது இன்னோர் எட்டு இறுவட்டுப் பெட்டி. என் முதல் விதிக்குள் வருவதுதான், அற்புதமானதும்தான், ஆனால் அந்த மெட்டுகளை ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருப்பவனுக்கே விளங்கும், ஏனென்றால் ஐந்து பேருமே மெட்டை உடைப்பதில் குறியாக இருக்கிறார்கள். முதல் பெட்டியாக இதை வாங்கினால் ஜாஸையே வெறுத்துவிடுவீர்கள்.

மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஒஃப் புளூ’ இசைத்தட்டுக்கு 50 ஆண்டு நிறைவுப் பெட்டி 2008இல் வந்தது. நீல நிற இசைத்தட்டு, டிவிடி, புத்தகம், சுவரொட்டி. மூலத்தில் இருப்பது ஐந்தே உருப்படி, முக்கால் மணித்தியாலம். ஒற்றை இறுவட்டு வாங்கினால் தீர்ந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். 1959இல் பதியும்போது பதிவுநாடா இயந்திரம் மெதுவாக ஓடியதால், சரியான வேகத்தில் போட்டபோது முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் பல ஆண்டுகளாகச் சற்றுச் சுருதி ஏறியே விற்கப்பட்டன. 1992இல்தான் திருத்தினார்கள். பழைய பிரதி கைக்கு வந்தால் ஆண்டைப் பாருங்கள்.

ஜாஸ் புதிதாகக் கேட்கப் போகிறவருக்கு நான் கொடுப்பது இவை எதையும் அல்ல. ஐரோப்பாவில் எட்டு இசைத்தட்டுகளை நான்கு இறுவட்டில் அடைத்து மலிவாக விற்கிறார்கள். பழைய இசைத்தட்டு நாற்பது நிமிடம்தான் ஓடும், ஆகவே ஓர் இறுவட்டில் இரண்டு சுகமாக அமர்ந்துவிடும். மலிவின் காரணம் சட்டத்தில் இருக்கிறது. அங்கே ஒலிப்பதிவு உரிமை 50 ஆண்டாக இருந்து 2013இல் 70 ஆனது, ஆனால் அதற்கு முன்பே காலாவதியான 1962 வரையான பதிவுகள் திரும்ப உரிமைக்குள் வரவில்லை. ஜாஸின் பொற்காலம் முழுக்க அந்த வேலிக்கு வெளியே நிற்கிறது. கலைஞரின் குடும்பத்துக்கு இதில் ஒரு சதமும் போகாது, அதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள். புத்தகமும் இருக்காது. இருந்தாலும் எழுத்தைப் படிக்க என் கடைப் பூதக்கண்ணாடி வேண்டும்.

புத்தகம் இல்லாவிட்டால் போன் போதும் என்றேன் அல்லவா, தொடக்கக்காரருக்கு மட்டும் அந்த விதியைத் தளர்த்துகிறேன். எது தனக்குப் பிடிக்கும் என்று தெரியாதவர் எட்டையும் புரட்டிப் பார்க்கலாம். பியானோக்காரர் டேவ் புரூபெக்கில் தொடங்கலாம். 1958இல் இலங்கைக்கும் வந்து வாசித்துவிட்டுப் போனவர். மறு ஆண்டு அவர் பதிந்த ‘டைம் அவுட்’ இசைத்தட்டில், அவர் குழுவின் சக்சஃபோன்காரர் போல் டெஸ்மண்ட் எழுதிய ‘டேக் ஃபைவ்’ மூன்றும் இரண்டுமாக ஐந்து அடி. நம் கண்டசாபு தாளம் இரண்டும் மூன்றும். பக்கத்துக் கடைக்காரரின் மகன் தவில் பழகுகிறான். ஒரு தரம் கேட்டதும் தொடையில் போட்டுக் காட்டினான். இஸ்தான்புல் தெருவில் கேட்ட ஒன்பது அடித் தாளத்தை வைத்து அதே தட்டில் இன்னொன்று இருக்கிறது, அதற்குத்தான் கொஞ்சம் முழித்தான்.

இனி இசைத்தட்டுப் பெட்டி. ரொறன்ரோவிலிருந்து ஆடி, ஆவணியில் வரும் உறவுகளின் சூட்கேஸில்தான் என் பெட்டிகள் வருகின்றன. 180 கிராம் தட்டுப் பத்து என்றால் உறையோடு இரண்டு கிலோவைத் தாண்டும். மருமகனிடம் கேட்டுப் பாருங்கள், "மாமா, சீடி என்றால் சொல்லுங்கோ" என்பான். நம் வெயிலில் தட்டு வளைந்தும் போகும். மொசைக் என்றொரு நிறுவனம் 1983 முதல் குறைந்த எண்ணிக்கையில் அச்சிடும் பெட்டிகளின் ஆய்வும் புத்தகமும் ஒப்பற்றவை. அவை தீர்ந்த பிறகு கைமாறும் விலை என் கைக்கு எட்டாது.

வாங்கினால் நிலத்தோடு ஒட்டிய மர அலுமாரியில் மட்டும் வைக்காதீர்கள். அட்டைப் பெட்டியையும் புத்தகத்தையும் கறையான் ஒரு மாரிக்குள் மண்ணாக்கிவிடும், இறுவட்டு மட்டும் மிஞ்சும். சீடி பிளேயர் தேடி அலைய வேண்டாம், எல்லா வீட்டிலும் மூலையில் கிடக்கும் பழைய டிவிடி பிளேயரே போதும். தட்டை எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் லென்ஸில் தூசி. கடைக்குக் கொண்டுவந்தால் துடைத்துத் தருகிறேன், ஜாஸ் தட்டு என்றால் கூலி வேண்டாம்.