இடப்பக்கம் அச்சு, வலப்பக்கம் வெறும் கோடு: ஒரு தியானக் குறிப்பேட்டோடு ஒரு வருடம்

சென்ற ஜனவரி முதல் தேதி அக்கா இந்தக் குறிப்பேட்டை என் கையில் வைத்து, "தினமும் எழுதணும், சும்மா அலமாரியில வெச்சிடாதே" என்றாள். நேற்றோடு கடைசிப் பக்கமும் முடிந்தது. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக, உபயோகித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பெயரையும் வெளியிட்டவர்களையும் சொல்லப்போவதில்லை. இதே அமைப்பில் நிறையக் குறிப்பேடுகள் வருகின்றன, நான் சொல்லும் நிறைகுறைகள் பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும்.

அமைப்பு எளிமையானதுதான். இடப்பக்கத்தில் தேதி, ஒரு வேதாகம வசனம், அன்றாட வாழ்க்கையிலிருந்து ஒரு சிறு சம்பவம், அதிலிருந்து ஒரு பாடம். வலப்பக்கத்தில் "இன்று நான் கண்டது" என்ற தலைப்பும் பதினான்கு கோடுகளும். அதை நாம் நிரப்ப வேண்டும்.

நான் தையல் வேலை செய்கிறவள். எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் முதுகைத்தான் பார்ப்பேன். இது நூலால் தைத்தது, வெறும் பசையால் ஒட்டியது இல்லை. ஒரு வருடம் தினமும் விரித்து வைத்தும் ஒரு தாள்கூடக் கழன்று வரவில்லை. அடையாள ரிப்பன்தான் மார்ச்சிலேயே பிரிய ஆரம்பித்தது. நுனியைத் தீயில் லேசாகக் காட்டியதும் நின்றுவிட்டது. ஜெல் பேனா மறுபக்கம் தெரிகிறது, பால்பாயிண்ட் தெரியவில்லை. உடம்பைப் பற்றி இவ்வளவு போதும்.

பிப்ரவரி மாதப் பக்கங்களை இப்போது திருப்பிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. தினம் ஒரு பாடம் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற பரபரப்பு அப்போது. மெஷினில் நூல் அறுந்தது. உடனே "முப்புரிநூல் சீக்கிரமாய் அறாது" என்று பிரசங்கி 4:12-ஐ எழுதி, தேவனோடு சேர்ந்த வாழ்வு அறாது என்று ஒரு பத்தி. ஒரே மாதத்தில் இதை மூன்று முறை எழுதியிருக்கிறேன்! உண்மையில் ஊசி மழுங்கியிருந்தது. ஊசியை மாற்றினேன், நூல் அறுவது நின்றது. நடந்ததைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, அதற்குள் வசனத்தைக் கொண்டுபோய் ஒட்டியாயிற்று. இதை எனக்குக் கற்றுக்கொடுத்ததே இடப்பக்கம்தான். அதிலும் பாதி நாள் இதே ஒட்டு வேலை.

சில இடங்களில் ஒட்டுகூட இல்லை, கிழிசல். கழுகுப் பக்கத்தைச் சொல்கிறேன். கழுகுக்கு நாற்பது வயதானதும் மலையுச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களையும் இறகுகளையும் பிடுங்கி எறிந்துவிட்டு, ஐந்து மாதம் காத்திருந்து புதிதாக எழும்பும் என்ற கதை. கீழே, கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் கழுகுகளைப்போல எழும்புவார்கள் என்ற ஏசாயா 40:31. நீங்களும் பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். எந்தக் கழுகும் அப்படிச் செய்வதில்லை. அலகில்லாமல் ஐந்து மாதம் பட்டினி கிடந்தால் செத்துப்போகும். இறகு உதிர்ந்து முளைப்பது மட்டும் நிஜம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளாமல், கொஞ்சம் கொஞ்சமாக, பறந்துகொண்டே மாற்றிக்கொள்கிறது. சங்கீதம் 103:5-ல் கழுகைப்போல வாலவயது திரும்புகிறது என்று வருவதை இந்த நிஜக் கழுகோடு வைத்துப் படித்துப் பாருங்கள். வேலையை விட்டுவிட்டு மலைக்குப் போக வசதியில்லாத என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் ஆறுதல். பொய்க் கதைக்கு அங்கே அவசியமே இல்லை.

அடுத்தது ஊசிக் காது. இதில் எனக்குக் கோபமே வந்தது, ஏனென்றால் இது என் தொழில். ஐசுவரியவான் தேவராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதிலே நுழைவது எளிது என்று இயேசு சொன்ன வசனத்துக்கு, எருசலேமில் "ஊசிக் காது" என்றொரு சின்ன வாசல் இருந்தது, சுமையை இறக்கிவிட்டு ஒட்டகம் முழங்காலிட்டு நுழையும் என்று விளக்கம் போட்டிருக்கிறார்கள். அப்படியொரு வாசல் அந்தக் காலத்தில் இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. மிகவும் பின்னால் கிளம்பிய விளக்கம் அது. சான்றை விடுங்கள், அடுத்த வசனத்தைப் படித்தாலே போதும். சீஷர்கள் ஆச்சரியப்பட்டு, அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படக்கூடும் என்று கேட்கிறார்கள். குனிந்தால் நுழையலாம் என்றால் அவர்கள் ஏன் திகைக்க வேண்டும்? "மனுஷரால் இது கூடாததுதான்" என்று பதில் வருகிறது. வாசலாக இருந்தால் அது கூடியதுதானே! வெளிச்சம் குறைந்த சாயங்காலத்தில் ஊசிக் காதில் நூல் கோத்துப் பார்த்த எவருக்கும் இந்த வசனத்துக்கு விளக்கம் வேண்டாம். காதற்ற ஊசிகூடக் கடைசி வழிக்கு வராது என்று கேட்டு வளர்ந்த நமக்கு ஊசியும் செல்வமும் ஒரே பேச்சில் வருவது புதிதும் இல்லை.

எரேமியா 29:11 ஒரே வருடத்தில் மூன்று பக்கங்களில் வருகிறது. சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகள் என்ற அந்த வசனம். ஒன்றில் வேலைக்குக் காத்திருப்பவர், இன்னொன்றில் வீடு தேடுபவர், மூன்றாவதில் தேர்வு எழுதியவர். எல்லாருக்கும் சீக்கிரமே காரியம் கைகூடிவிடுகிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தின பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிப் போயிருக்கவே முடியாது. அதனால்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள் என்று ஐந்தாம் ஆறாம் வசனங்கள் சொல்கின்றன. அந்தத் தோட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கலாம்.

சரி, குறை மட்டும் சொன்னால் நியாயமில்லை. ஜூனில் வந்த குருவிப் பக்கம் ஒன்றுக்காகவே இந்தக் குறிப்பேட்டைப் பத்திரமாக வைத்திருப்பேன். மத்தேயு 10:29-ல் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகள். லூக்கா 12:6-ல் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப்படி நான்குதான் வர வேண்டும். ஐந்தாவது, மொத்தமாக வாங்குகிறவருக்குக் கொசுறு. அதற்கு விலையே இல்லை. அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை என்று லூக்கா முடிக்கிறார். இதை எழுதியவர் யாரோ தெரியாது, சந்தையில் நின்று பார்த்தவர்போல எழுதியிருந்தார். கதை சேர்க்கவில்லை, பாடம் என்று தனியாக ஒன்றும் போடவில்லை. அன்று என் வலப்பக்கம் முழுக்க நிறைந்தது. இனாமாகத் தைத்துக் கொடுக்கும் சின்னச் சின்ன வேலைகளைப் பற்றி எழுதியிருக்கிறேன், அவற்றைத் தள்ளிப்போடும் என் புத்தியைப் பற்றியும்.

அந்தப் பக்கத்துக்கு அப்புறம்தான் வேதாகமத்தில் மற்றவர்கள் இந்த வேலையை எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். நீதிமொழிகள் 24-ல் ஒருவர் சோம்பேறியின் வயல் வழியாகப் போகிறார். முள் எங்கும் முளைத்திருக்கிறது, கற்சுவர் இடிந்து கிடக்கிறது. முதலில் அதை முழுதாகப் பார்க்கிறார், பிறகுதான் சிந்திக்கிறார், அதற்கும் பிறகுதான் புத்தி. எரேமியா குயவன் வீட்டுக்குப் போனதும் அப்படித்தான். போய், திரிகையின் முன் நின்று, மண் கெட்டுப்போவதையும் குயவன் அதையே வேறு பாண்டமாக வனைவதையும் கண்ட பிறகே வார்த்தை வருகிறது. நான் பிப்ரவரியில் வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு குயவன் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தையல் சம்பந்தமான வசனங்களை அதன் பிறகு நிதானமாகப் படிக்க ஆரம்பித்தேன். மத்தேயு 9:16-ல் கோடித்துண்டைப் பழைய வஸ்திரத்தோடு இணைக்கமாட்டான் என்று வருகிறது. குறிப்பேடு இதற்குப் பழைய வாழ்க்கையை விட்டுவிடுங்கள் என்று ஒற்றை வரியில் பாடம் சொல்லிவிட்டுப் போய்விட்டது. கோடி என்றால் நனையாத துணி. முதல் சலவையில் சுருங்கும். பழைய துணி ஏற்கெனவே சுருங்கி முடித்தது. சுருங்குகிற துண்டு தையலோடு சேர்த்துப் பழைய துணியையும் இழுக்கும், நைந்த இடம் விட்டுக்கொடுக்கும், பீறல் பெரிதாகும். புதிய துண்டும் கெட்டது இல்லை, பழைய வஸ்திரமும் கெட்டது இல்லை. சீஷர்கள் ஏன் உபவாசிப்பதில்லை என்று கேட்டவர்களுக்குச் சொன்ன பதில் இது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நிறைய யோசிக்கலாம். நான் நான்கு நாள் யோசித்தேன்.

அன்னாளின் சட்டையும் அப்படித்தான். 1 சாமுவேல் 2:19-ல், வருஷந்தோறும் பலி செலுத்த வரும்போது தன் மகன் சாமுவேலுக்கு ஒரு சின்ன சட்டையைத் தைத்துக் கொண்டுவருகிறாள். ஆலயத்தில் விட்டுவிட்டு வந்த பிள்ளை. கடைசியாகப் பார்த்து ஒரு வருடம். அளவெடுக்க உடம்பு இல்லை. போன வருடத்து அளவை நினைவில் வைத்து, இந்நேரம் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று கணக்குப் போட்டு, தோளில் கொஞ்சம் விட்டு, கீழே மடிப்பில் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டியிருப்பாள். வளரும் பிள்ளைக்கு யார் தைத்தாலும் அப்படித்தான் தைப்பார்கள். இந்த வசனத்தைக் குறிப்பேடு தொடவே இல்லை. எனக்கோ இந்த வருடம் முழுவதிலும் கிடைத்ததில் பெரியது இதுதான். என்ன பாடம் என்று கேட்காதீர்கள், நான் எழுதவில்லை. மடிப்பில் எத்தனை அங்குலம் விட்டிருப்பாள் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

தேதி அச்சிட்டிருப்பது பெரிய குறை. ஜூலையில் பதினோரு நாள் எழுத முடியவில்லை. திரும்பி வந்தபோது அந்தப் பதினோரு வெற்றுப் பக்கங்களும் ஜெபிக்காதவளே என்று கூப்பிடுவதுபோல இருந்தன. தேதியில்லாமல் எண் மட்டும் போட்டிருந்தால் விட்ட இடத்தில் தொடரலாம்.

ஆனால் அச்சிட்ட பக்கத்துக்கும் என் நாளுக்கும் நடுவே விழுந்த இடைவெளியே ஒரு முறை பயன்பட்டது. செப்டம்பரில் வாடிக்கையாளர் ஒருவரின் துணியை வெட்டும்போது, ஒரு கையை வெட்டிவிட்டு மாதிரித் தாளைத் திருப்பிப் போட மறந்தேன். இரண்டும் இடக் கை. மிச்சத் துணியும் இல்லை. துணி பற்றவில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன், நம்பியிருப்பார். அன்றைய இடப்பக்கம் மத்தேயு 18:22, ஏழெழுபதுதரம் மன்னிப்பது பற்றி. நம்மைக் காயப்படுத்தியவர்களை மன்னிப்பதாக அழகான ஒரு சம்பவம். அதைப் படித்து, என்னிடம் கடிந்து பேசப்போகிற வாடிக்கையாளரை முன்கூட்டியே மன்னிக்கத் தயாரானேன் என்றால் என் புத்தி எப்படிப் போகிறது பாருங்கள். வலப்பக்கத்தில் பேனாவை வைத்ததும் எதுவும் ஓடவில்லை. பதினான்கு கோடுகளும் காலியாக என்னைப் பார்த்தன. கொஞ்ச நேரம் கழித்து நினைவுக்கு வந்தது மத்தேயு 5:24. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகச் சொல்லும் வசனம். அந்தப் பக்கத்தில் "போன் பண்ண வேண்டும்" என்ற ஒரே வரிதான் இருக்கிறது. பண்ணினேன். அவர் கோபப்பட்டார், நியாயமாகவே. துணிக்கு ஈடு கொடுத்தேன்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று. தாளுக்கும் தையலுக்கும் ஒன்று, குருவிக்கு ஒன்று, வலப்பக்கக் கோடுகளுக்கு ஒன்று. வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை: வலப்பக்கத்தை முதலில் எழுதுங்கள், இடப்பக்கத்தைப் பிறகு படியுங்கள். ஆகஸ்டிலிருந்து நான் அப்படித்தான் செய்தேன், அந்த செப்டம்பர் நாள் தவிர. வசனத்தைப் படிக்கும்போது முன்னும் பின்னும் பத்து வசனங்களையாவது வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். கழுகு வரும் பக்கத்தைத் தாண்டிவிடுங்கள்.

நேற்று அக்கா போன் செய்து, "முடிச்சிட்டியா? நீ எழுதினதைக் கொடு, படிச்சிட்டுத் தரேன்" என்றாள். புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.