முழுக் கணையமா, தீவுச் செல்களா?

முதல் வகை நீரிழிவுக்கு இரண்டு மாற்றுச் சிகிச்சைகள்: முழுக் கணையத்தையும் பொருத்துவது, அல்லது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் தீவுச் செல்களை மட்டும் செலுத்துவது. 1966-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கணைய மாற்று பெரிய அறுவை சிகிச்சை. புது உறுப்பின் குழாயில் ரத்தம் உறைந்தால் அந்த உறுப்பையே அகற்றவும் நேரலாம். ஒட்டிக்கொண்டாலோ, பல ஆண்டுகள் இன்சுலின் ஊசியை மறந்துவிடலாம்.

தீவுச் செல் மாற்றில், தானக் கணையத்திலிருந்து பிரித்த செல்களைக் கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரைக்குள் செலுத்துகிறார்கள். 2000-இல் கனடாவின் எட்மன்டன் நகர மருத்துவக் குழு 7 பேரிடம் காட்டிய வெற்றி பரபரப்பானது. ஆனால் அங்கே செல் பெற்றவர்களில் பெரும்பாலோர் ஐந்து ஆண்டுகளுக்குள் ஊசிக்குத் திரும்பினர். ஒருவருக்கே இரண்டு மூன்று கணையங்கள் தேவைப்படுவதும் உண்டு. ஆனாலும், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்குவது குறைந்தது. அதுவே பெரிய லாபம் என்பேன்.

புதியதை உடல் நிராகரிக்காதபடி எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை இரண்டிலும் உண்டு. சிறுநீரக மாற்றும் தேவைப்படுபவருக்கு அது எப்படியும் வேண்டும். உடல் தாங்குமானால், அவர் கணையத்தையும் சேர்த்தே பெறுவதுதான் கணக்குக்குச் சரி.